டோக்கன் நாற்பத்தொன்று

போன செவ்வாய்க்கிழமை என் லட்சணம் எனக்கே நன்றாகத் தெரிந்தது.

ஆறு வயது மகள் ஜெனிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கடலூரில் கொடுத்த மாத்திரைக்கு அடங்கவில்லை. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நானே அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, சிதம்பரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனேன். டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே போயிருந்தது... பதினாறு.

நர்ஸிடம் 'கொஞ்சம் அவசரம்' என்று சொல்லலாம்தான். யார், நானா? பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கிற ஆள் நான்.

அதனால் ஆண்டவரிடம் சொன்னேன். அதுவும் லீவு லெட்டர் மாதிரி — தொந்தரவுக்கு மன்னிக்கவும், முடிந்தால் என் மகளைக் குணமாக்கவும். பிறகு சட்டைப்பையிலிருந்த சின்ன வேதப் புத்தகத்தைத் திறந்தேன். மகளுக்காக ஏசுவின் பின்னாலேயே கத்திக்கொண்டு போகும் கானானியத் தாயின் கதை. அவள் வேறு இனம், வேறு சாமி. கத்துகிறாளே, அனுப்பிவிடுங்கள் என்கிறார்கள் சீடர்கள். சே, என்ன மனுஷர்கள்? எனக்குக் கோபமே வந்தது.

பக்கத்தில் பரங்கிப்பேட்டையிலிருந்து மகனோடு வந்திருந்த பாய் வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏண்ணே, புள்ளைக்குக் கண்ணு சொருவுது. நீங்க படிச்சிக்கினு இருக்கீங்க?"

பார்த்தேன். ஜெனி என் தோளில் துவண்டு கிடந்தாள். உடம்பு நெருப்பு.

"டோக்கன் வரட்டும்மா" என்றேன்.

அவர் எழுந்துபோய் டாக்டர் ரூம் கதவைத் தட்டினார். "டாக்டரய்யா, ஒரு புள்ள கெறங்கிக் கெடக்குது. மொதல்ல வெளிய வாங்க."

ஹாலே திரும்பியது. நான் என்ன செய்தேன் தெரியுமா?

"சத்தம் போடாதீங்கம்மா... எல்லாரும் பாக்குறாங்க."

விரல் இன்னும் அந்தச் சீடர்கள் பேசும் வரியிலேயே இருந்தது.

டாக்டர் ஓடி வந்தார். ஊசி, டிரிப்ஸ். இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். டோக்கன் நாற்பத்தொன்று சார் என்றேன். அவர் பார்த்த பார்வை... அடுத்த டோக்கனை எனக்கே போட்டிருப்பார்.

சாயங்காலம் ஜெனி கண் விழித்து பிஸ்கட் கேட்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் பஸ்ஸில் ஜெனியிடம் நடந்ததைச் சொன்னேன். "கதவு தட்டுன அத்தை பேரு என்னப்பா?" என்றாள்.

தெரியாது. கேட்கக் கூச்சமாக இருந்தது.

வேதத்திலும் அந்தத் தாய்க்குப் பெயர் இல்லை. எழுதியவரும் என்னைப் போல் கூச்சக்காரர்தானோ?