ஒரு கிலோ சத்தம்

காது சோதிக்கும் வேலையில் நாள் முழுக்க நான் பேசுவது, நான் பேசுவது கேட்காதவர்களிடம்தான்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டியபடி சோதனைக்கு வந்தவர், இந்தப் பக்கம் மெஷினோடு நான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, என் பாடு ஹெர்ட்ஸ். சத்தம் வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒரு கிலோஹெர்ட்ஸ். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் “ஆங்?” என்பார்கள்.

நாலு கே

ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி வியாபாரி ஒருவர் மனைவியோடு வந்தார். ரிப்போர்ட்டில் கோடு நாலு கே என்ற இடத்தில் சரிந்து கிடந்தது. கே என்றால் கிலோ, அதாவது நாலாயிரம் ஹெர்ட்ஸ், அங்கே அடிபட்டால் சத்தம் கேட்கும், வார்த்தை பிரியாது என்று விளக்கினேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா ஜன்னலைப் பார்த்தார். இரண்டு பேரும் பேச்சைக் குறைத்துக்கொண்டு நாளாகியிருக்கும் போல. கடைசியில் அவர் சொன்னார்:

“ஏனுங்க, எங்கூட்டு டிவியும் நாலு கே தானுங்க, அதுல பேசறதும் வெளங்கறதில்லீங்க.”

அறுபதால் வகுத்தால்

சாணார்பட்டிப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கும் பெண், என் வயதுதான். ஹெர்ட்ஸ் என்றதும், “எங்க ஸ்பிண்டிலு நிமிஷத்துக்குப் பதினஞ்சாயிரம் சுத்துக்கா. அப்ப அது பதினஞ்சு கிலோவா?” என்றார். நிமிஷத்தை வினாடியாக்க அறுபதால் வகுக்கணும் என்று செல்போனில் போட்டுக் காட்டினேன். இருநூற்றைம்பது ஹெர்ட்ஸ்தான் வந்தது.

அந்த இருநூற்றைம்பதை ஹெட்போனில் போட்டதும், சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த பட்டனை டக்கென்று அமுக்கினார். மூவாயிரம், நாலாயிரம் என்று ஏற்ற ஏற்றப் பட்டன் சும்மாவே இருந்தது. மகனுக்குத் திருப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வானாம்.

“மில்லுச் சத்தம் வீட்டுலயும் கேக்குதுக்கா, அவன் சொல்றதுதான் பிடிபட மாட்டேங்குது. எல்லாத்துக்கும் சரிப்பா சரிப்பான்னு சொல்லி வச்சிருவேன்.”

இன்னொரு தடவை

சிறுமலையிலிருந்து வாழை விவசாயி ஒருவர் தனியாக வந்தார். கூப்பிட்டால் திரும்புவதில்லை, காது போச்சு என்று ஊரில் சொல்கிறார்களாம். கிலோஹெர்ட்ஸ் என்று ஆரம்பித்ததுமே நிறுத்தினார். “கிலோன்னா எங்களுக்கு வாழக்காதான் தாயி. இது என்ன கணக்கு?” ஆயிரம் கிராம் ஒரு கிலோ மாதிரி, ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒரு கிலோஹெர்ட்ஸ் என்றேன். தலையாட்டினார். செத்த நேரம் கழித்து மறுபடி கேட்டார். சொன்னேன். சோதனைக்கு நடுவிலும் ஒருமுறை கேட்டார். சலிப்பை அடக்கிக்கொண்டு மைக்கில் சொன்னேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்தால் காதில் பெரிய பழுதே இல்லை. நான் சொன்னது முதல் தடவையே அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. ஏன் மூன்று தடவை கேட்டீர்கள் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகியும் எழுந்திருக்காமல், ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“கணக்கு அப்பவே புரிஞ்சுருச்சு தாயி. எம் பொஞ்சாதி போனதுக்கப்புறம் இம்புட்டு நேரம் என்கிட்ட யாரும் பேசலை, அதான்.”

இப்போதெல்லாம் ஹெர்ட்ஸ் புரியலை என்று யார் கேட்டாலும் நான் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுகிறேன், ஏனென்றால் சாயங்காலம் நான் போகிற வீட்டில் “ஆங்?” என்று கேட்கக்கூட ஆள் கிடையாது.