றொனால்டின் வயிற்றுக்குள் பதினொரு திருகாணிகள்

கல்லடியில் ஐஸ் லொறி ஓட்டும் றொனால்டுக்கு ஐம்பத்தொரு வயது. ஐஸ் கட்டிகளை ஏற்றிச் செட்டிபாளையம் வரையுள்ள மீன் வாடிக் கொட்டில்களில் இறக்குவது அவருடைய வேலை. போன மார்கழியில், மழை பெய்த ஒரு காலை, ஈரப் பலகையில் சறுக்கி விழுந்தார். லொறியின் விளிம்பு விலாவில் இடித்தது. மூச்சுவிட முடியவில்லை. மனைவி சுகந்தினி ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுப் பார்த்த இளம் டொக்டர், "விலா உடையல்ல, பயப்படாதீங்க" என்றார். பிறகு படத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். "முந்தி ஹேர்னியா ஒப்பரேசன் செய்ததா ஐயா? திருகாணியெல்லாம் நல்லா இருக்கு."

"என்ன ஆணி?"

றொனால்ட் எட்டிப் பார்த்தார். அவருடைய வயிறு இருக்கவேண்டிய இடத்தில் குட்டிக் குட்டியாய் வெள்ளைச் சுருள்கள். வட்டமாக நின்றன. எண்ணிப் பார்த்தார். பதினொன்று.

"இது என்ட படமில்ல டொக்டர். மாறிப்போச்சு."

"உங்கட பேர்தான் போட்டிருக்கு."

சிரித்துவிட நினைத்து மனைவியின் பக்கம் திரும்பினார். சுகந்தினி திரையைப் பார்க்கவேயில்லை. தலை குனிந்து நின்றார்.

"உனக்கு முந்தியே தெரியுமா?"

"ஓம்."

எட்டு வருடத்துக்கு முன்பு தொப்புளுக்கு மேலே குடல் பிதுங்கி அவருக்கு ஒப்பரேசன் நடந்தது. அதற்கு முந்தின வருடம்தான் பற்றிக் என்ற அவருடைய அண்ணன், முறிந்த காலில் வைத்த இரும்புத் தகட்டால் சீழ் பிடித்துக் காலையே இழந்திருந்தார். "எனக்குத் தையல் மட்டும் காணும். உள்ள இரும்பு வச்சா நான் எழும்பமாட்டன்" என்று றொனால்ட் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். டொக்டரிடம் வாய் திறக்கவில்லை. நீட்டிய படிவத்தில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

ஒப்பரேசன் பாதியில் பெரிய டொக்டர் வெளியே வந்து சுகந்தினியைக் கூப்பிட்டிருக்கிறார். ஓட்டை பெரிது, தையல் நிற்காது, மருத்துவ வலை ஒன்றை வைத்து அதைத் தசையோடு சின்னத் திருகாணிகளால் பூட்டவேண்டும் என்றிருக்கிறார். சுகந்தினி தலையாட்டினார். கணவருக்குத் தானே சொல்வதாகவும் வாக்குக் கொடுத்தார்.

"நீங்க கண் முழிச்சதும் சொல்லத்தான் நினைச்சன்" என்று இப்போது ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சுகந்தினி அழுதார். "நீங்க பயந்து எதையாவது பிடுங்கப் போயிருவீங்க எண்டு விட்டுட்டன். பிறகு சொல்ல வாய் வரல்ல."

றொனால்ட் ஓட்டோவில் ஏறவில்லை. நெஞ்சு வலிக்க வலிக்கக் கல்லடிப் பாலம் முழுவதும் நடந்தே வீட்டுக்குப் போனார். மூன்று நாள் மனைவியோடு பேச்சில்லை. சட்டைக்குள் கையை விட்டு வயிற்றை அழுத்திப் பார்ப்பதும், இருமல் வந்தால் அப்படியே உறைந்து நிற்பதுமாக இருந்தார். எட்டு வருடமாக இதோடுதான் ஐஸ் தூக்கினேனா என்ற நினைப்பில் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கிருந்த டொக்டர் வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தார். "வலையோட தசை எப்பவோ ஒட்டி வளந்திட்டு. இனி அந்தத் திருகாணிகளுக்குப் பெரிய வேலையில்ல. அதுகள் பாட்டுக்கு இருக்கட்டும்."

"கழட்ட ஏலாதா?"

"கழட்டினாத்தான் கரைச்சல்."

வெளியே வந்ததும், நான்கு நாளில் முதல் தடவையாக றொனால்ட் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"வேற என்ன மறைச்சிருக்காய்?"

"ஒண்டுமில்ல. மாதா ஆண ஒண்டுமில்ல."

வீட்டுக்கு வந்து, அலுமாரியிலிருந்த பழைய ஆஸ்பத்திரிக் கடதாசிகளை எடுக்கச் சொன்னார். மகள் டினோஷாவைக் கூப்பிட்டு, இங்கிலீசில் இருந்ததையெல்லாம் ஒரு வரி விடாமல் தமிழில் வாசிக்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.