கிழக்கே திரும்பிய புகைக்குழாய்

கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகிற சாலையில் ஓர் அரிசி மில். நெல் அவிக்கும் பாய்லர் அங்கே தகரக் கொட்டாய்க்குள் நின்றது. அதற்கு விறகு போட்டே ஆயுளைக் கழித்தவர் லாரன்ஸ். வயது நாற்பதுதான், பார்த்தால் அறுபது சொல்லலாம். கண் எந்நேரமும் சிவந்து கிடக்கும். சொட்டுக்கூடக் குடிக்காமல் குடிகாரன் என்று பேர் வாங்கிய மனுஷன்.

முதலில் புகைக்குழாய் கூரைக்கு மேலே நேராகத்தான் நின்றது. முதலாளி தனசேகரன் மில்லுக்கு மேற்கே மாடி வீடு கட்டியதும் வினை பிடித்தது. கிழக்கேயிருந்து கீழ்க்காற்று அடிக்கிற மாதங்களில், மாடியில் காயும் வெள்ளை வேட்டிமேல் கரி வந்து உட்கார்ந்தது. குழாயை இன்னும் இரண்டு ஆள் உயரத்துக்கு நீட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். தனசேகரன் அதைவிடச் சுளுவான வழி கண்டுபிடித்தார்: உச்சியில் ஒரு வளைவை மாட்டி, அதன் வாயைக் கிழக்கே திருப்பிவிடுவது. கிழக்கே இருந்தது லாரன்ஸ் குடியிருந்த தெரு.

அவ்வளவு உயரம் ஏற மில்லில் வேறு எவனுக்கும் துணிச்சல் கிடையாது. லாரன்ஸே ஏறி, லாரன்ஸே மாட்டினார். புகைதானே, மேலே போய்விடும் என்று நினைத்தார். தன் விரலாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்ட கதை. கீழ்க்காற்று அடித்தால் அது வளைவுக்குள் புகுந்து, புகையைக் கொட்டாய்க்குள் தள்ளியது. மேற்கேயிருந்து மேல்காற்று அடித்தால் புகை தெருவுக்குப் போனது. ஆக, பாதி வருஷம் புருஷனுக்கு, பாதி வருஷம் பெண்டாட்டிக்கு. இப்படி நியாயமாகப் பங்கு பிரிக்க தனசேகரனை விட்டால் யார் இருக்கிறார்?

லாரன்ஸின் பெண்டாட்டி பாக்கியம் மாதா கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள். வளைவு வந்த பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பாதிப் பாட்டில் உட்கார்ந்துவிடுவாள். பிறகு வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். அவள் ஒரு நாளும் அவரைக் குற்றம் சொன்னதில்லை. அதுதான் அவரை அரித்தது.

எண்பத்தேழு புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் வந்தது. வழி நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டார்கள். நெல் வரவில்லை, லாரி போகவில்லை. பாய்லர் ஆறிக் கிடந்தது. வீட்டில் கஞ்சிக்கே இழுபறி. ஆனால் பாக்கியம் வாய் பிளந்து இழுக்காமல் அசந்து தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யாரும் கேட்காமலே எழுந்து, கடைசிச் சரணம் வரை நின்றபடி பாடினாள். பின்னால் நின்ற லாரன்ஸுக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகை முட்டியது.

மறியல் முடிந்ததும், சாலையில் கிடந்த புளியந்துண்டுகள் டிராக்டரில் மில்லுக்கு வந்து இறங்கின. ஈரம் காயாத மரம்.

“பச்சை மரங்க மொதலாளி. பொகை ஜாஸ்தி வருங்க. கொழாய மட்டும் ஒசத்திக் குடுத்துட்டீங்கன்னா...”

“பாத்துக்கலாம் லாரன்ஸு. நெல்லு ஊறிக்கினு கெடக்குது, மொதல்ல பத்த வை.”

மாடி வீடு எழும்பிய நாள் முதல் கேட்கிற அதே ‘பாத்துக்கலாம்’. சண்டை போட லாரன்ஸிடம் தெம்பு இல்லை. ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். நட்டெல்லாம் துருவேறி மல்லுக்கட்டியது. பாதியில் கால் வெடவெடத்து, குழாயைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒருவழியாக வளைவைக் கழற்றிக் கீழே போட்டார். பிறகு இறங்கிவந்து, முதலாளி சொன்னபடியே பாய்லரைப் பற்றவைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பாக்கியம் வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். மேற்கே மலைப்பக்கமிருந்து அடித்த காற்று, நேராக எழும்பிய புகையிலும் கொஞ்சத்தைத் தெருவுக்கே இழுத்து வந்திருந்தது. கழற்றியும் பிரயோஜனம் இல்லையே என்று லாரன்ஸ் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ ஏறனத இங்கேர்ந்தே பாத்தேன்யா” என்றாள்.

“அப்பவும் வருது பாரு.”

“முன்னைக்குக் கம்மிதான்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஐப்பசில காத்து திரும்பும். அவரு மாடிக்குக் கரி போவும். திரும்ப ஏறி மாட்டுன்னு கூப்புடுவாரு. அப்ப இன்னா பண்ணுவ?”

லாரன்ஸ் முழங்காலை நீவிவிட்டுக்கொண்டார்.

“முட்டி போச்சுங்க, இனிமே ஏற முடியாதுங்கன்னு சொல்லுவேன். பொய்யும் இல்ல. வேற எவன் ஏறுவான்?”