தொலைந்தால் அழைக்கவும்

நான் ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. விமான நிலையம் போய்ச் சேரும் வரை, நாற்பது நிமிடமும், அக்காவின் வேன் கதவைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கவாட்டில் சறுக்கித் திறக்கும் கதவு அது. அதை இழுத்து மூடும் மோட்டார் முந்தின வாரம் செத்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கதவு ஒரு சாண் திறக்கும். கீழே தார்ச்சாலை ஓடுவது தெரியும். அக்கா ஓட்டியபடியே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

“கைய விட்றாத. நீ விழுந்தா இன்சூரன்ஸ் இருக்கு. கதவு விழுந்தா நான்தான் வாங்கணும்.”

“பாசம் வழியுது.”

“வழியிறது கியர் ஆயில்டி. பின்னாடி பாரு.”

பொய்யில்லை. சிக்னலில் நின்ற இடங்களில் எல்லாம் கறுப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் வந்தோம்.

வேனுக்கு அப்போது பதினான்கு வயது. அக்காவிடம் வந்து ஏழு மாதம். அதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டவள் அவள். கடை கைமாறியபோது கையில் கொடுத்தனுப்பிய பணத்தை அப்படியே கொண்டுபோய் இதில் போட்டாள். ஏழு பேர் உட்காரலாம், ஏசி உண்டு, ஒரே ஓனர் என்றெல்லாம் விற்றவன் சொன்னான். அந்த ஒரே ஓனர் ஏன் விற்கிறான் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வேலை உடனே கிடைத்தது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் ஒரு மையம். வாரத்தில் மூன்று நாள், விடிந்ததும் ஐந்து பேரை அவரவர் வீட்டு வாசலில் ஏற்றி, ஏழரைக்குள் மெஷின் முன்னால் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். தாமதமானால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மையத்தின் மேலாளர் முதல் நாளே சொன்னாராம்: “ஒரு தடவ லேட்டானா சொல்லுவேன். ரெண்டாவது தடவ சொல்ல மாட்டேன்.” அக்காவின் பிழைப்பு அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவே நின்றது.

விமான நிலையத்தில் வண்டியை நிறுத்தியதும் முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மீட்டர் கண்ணாடிக்குள் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்தே எரிகிறது. அணைக்க வழி கேட்டதற்கு மெக்கானிக், “பழைய வண்டில அது எரியத்தான் செய்யும்க்கா. அணைஞ்சாதான் பயப்படணும்” என்றிருந்தார்.

“கண்ண மூடினாக்கூட இதுதான் எரியுது” என்றாள் அக்கா.

பெட்டிகளில் ஒட்டுவதற்காக எழுதிய ஸ்டிக்கர்களில் ஒன்று என் கையில் மிச்சமிருந்தது. ‘தொலைந்தால் அழைக்கவும்’ என்று எழுதி, அக்காவின் எண்ணைப் போட்டிருந்தேன். என் எண் வெளிநாட்டில் வேலை செய்யாது. அதை உரித்து மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டினேன். இரண்டு விரல் அகலம். வெளிச்சம் போன இடம் தெரியவில்லை.

“இனிமே நிம்மதியா தூங்கு.”

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் பிரியும்போது கட்டிப்பிடிக்கிற வழக்கமில்லை. “பாத்துக்கோ” என்போம், அவ்வளவுதான். அன்றும் நான் சொன்னேன், அவளும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த வேனை நான் தொலைபேசியில்தான் பார்த்தேன். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்து நான் கூப்பிடுவேன். கடல் எப்படி இருக்கிறது, மலை எப்படி இருக்கிறது என்று ஆரம்பிப்பேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “ஜன்னல் இறங்கிடுச்சு, ஏற மாட்டேங்குது. மரக்கட்டை சொருகி நிறுத்திருக்கேன்” என்பாள். அடுத்த மாதம் பின் ஏசி. அதற்கடுத்த மாதம் கியர், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது யாரோ பின்னாலிருந்து உதைப்பது போல இருக்கிறதாம். கியர்பாக்ஸைக் கழற்றி மாட்ட வண்டி விலையில் பாதி கேட்டார் மெக்கானிக். முடியாது என்றதும் எண்ணெய் மட்டும் மாற்றிவிட்டு, “இப்போதைக்கு ஓடும். அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். எதற்கும் அதையே சொல்வதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே ‘பாத்துக்கலாம்’.

இஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசியும் வேலை செய்யவில்லை. அதற்காக மீட்டரையே மாற்ற வேண்டும், வெட்டிச் செலவு என்று பாத்துக்கலாம் சொல்லிவிட்டார்.

“ஊசி எதுக்குக்கா? ரொம்ப சூடானா செவப்பு லைட்டு எரியும். எரிஞ்சா ஓரங்கட்டிடுங்க.”

“எங்க எரியும்?”

“எரியும்போது தெரியும்க்கா.”

அவர் அந்த ஸ்டிக்கரையும் பார்த்திருக்கிறார். “இந்த வண்டி தொலஞ்சா யாருக்கா போன் பண்ணுவான்? கண்டுபிடிச்சவனே ஓடிடுவான்” என்று சிரித்தாராம். அக்கா இதை என்னிடம் சொன்னபோது நானும் சிரித்தேன்.

இரண்டாம் வருடம் வண்டிக்கு அடியில், இஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீரைப் பின்பக்க ஹீட்டருக்குக் கொண்டுபோகும் குழாய் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. முழுக் குழாயும் மாற்ற ஒரு மாத வருமானம் ஆகும். கதவு மோட்டாருக்கும் ஏறக்குறைய அவ்வளவே. கதவு கையால் இழுத்தால் மூடும், ஆனால் வயதானவர்களை ஏற்றும் வண்டியில் கதவு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று மையம் கடிதம் கொடுத்துவிட்டது. ஒன்றைத்தான் செய்ய முடியும். அக்கா கதவைச் செய்தாள். ஒழுகிய இடத்தை வெட்டி, ஒரு ரப்பர்க் குழாயைச் சொருகி, கிளிப் போட்டு இறுக்கிக் கொடுத்தார் பாத்துக்கலாம். என்ன சொல்லியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, மேம்பாலத்தின் உச்சியில், ஐந்து பேரோடு வேன் நின்றது. முதலில் இழுவை போனது, பிறகு உள்ளே இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. ரப்பர்க் குழாய் எப்போதோ கழன்று தண்ணீர் முழுவதும் வழியிலேயே போயிருந்தது. ஆவிகூட வரவில்லை. ஆவியாவதற்குத் தண்ணீர் இருந்தால்தானே.

புது மோட்டார் போட்ட கதவு மட்டும் அழகாகத் திறந்தது. அக்கா ஐந்து பேரையும் ஒவ்வொருவராக இறக்கி, பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நிற்கவைத்து, போகிற வண்டிகளை மறித்தாள். ஐவரில் மூத்தவர் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் மையம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. நான்கு பேருக்கு எப்படியோ மெஷின் கிடைத்தது. டீச்சருக்கு மறுநாள்தான். அதற்குள் மூச்சு முட்டி, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்தார். அவருடைய மகன் புகார் எழுதினார்.

மேலாளர் அக்காவையும் மெக்கானிக்கையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கேட்டார்.

“வண்டி சூடானா லைட்டு எரியுமா, எரியாதா?”

“எரியும் சார்” என்றார் பாத்துக்கலாம். “போன மாசம்தான் செக் பண்ணேன். லைட்டு நல்லா இருக்கு.”

“அப்ப எரிஞ்சிருக்கு. நீங்க நிறுத்தல.”

“எரியல சார்” என்றாள் அக்கா.

“அஞ்சு உசுரு உள்ள உக்காந்திருக்கும்மா. நேரமாச்சுன்னு ஓட்டியிருக்கீங்க. ஒத்துக்கிட்டா என்ன?”

“எரிஞ்சா நிறுத்தியிருப்பேன். எரியல.”

திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். யார் நம்புவது? மெக்கானிக் தொழில் தெரிந்தவர். அக்கா மருந்துக்கடையில் பில் போட்டவள். மேலாளர் முதல் நாள் தான் சொன்ன சொல்லைக்கூடக் காப்பாற்றவில்லை. இரண்டாவது தடவைக்குக் காத்திருக்கவே இல்லை. வேலை போனது. டீச்சர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனபோது மகன் கதவைத் திறக்கவில்லை. இஞ்சின் இறுகிப்போன வண்டியைப் பாத்துக்கலாமே வந்த விலைக்கு எடுத்துக்கொண்டு, பகுதி பகுதியாகக் கழற்றி விற்றார். அக்காவுக்கு அவர் கொடுத்த பணம் டீச்சரின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனது. யாரும் கேட்கவில்லை, அக்காவே கொண்டுபோய் டீச்சரின் மருமகளிடம் கொடுத்தாள்.

அன்று அவள் என்னைக் கூப்பிட்டபோது நான் எங்கோ ஒரு சலவைக்கடையில் துணி காய்வதற்காகக் காத்திருந்தேன். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, “எரியலடி” என்றாள். அவள் கேட்டது பணமில்லை, ஆறுதல்கூட இல்லை. ஆமாம் என்று ஒரு குரல். நான் எல்லாம் தெரிந்தவள் போலப் பேசினேன்.

“நல்லா யோசிச்சுப் பாருக்கா. எரிஞ்சிருக்கும். அவசரத்துல நீ பாத்திருக்க மாட்ட.”



“சரி. நீ பாத்துக்கோ” என்று வைத்துவிட்டாள்.

நான் திரும்பி வந்தது அதற்கும் ஒன்றரை வருடம் கழித்து. அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் போர்வை மடிக்கிறாள். ஒரு நாளைக்கு அறுநூறு போர்வை. கைவிரல் நுனிகள் சோடாவில் வெந்து வெளுத்திருக்கின்றன. மேம்பாலம் வழியாகப் போகும் பேருந்தில் ஏற மாட்டாள். இரண்டு பேருந்து மாறிச் சுற்றிப் போவாள். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பாள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு என்னையும் இழுத்துப் பார்க்கச் சொல்வாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலை நிமிராமல், “ஒருவேளை எரிஞ்சுதோ என்னவோ” என்றாள். நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

நேற்று மதியம் நான் வீட்டில் தனியாக இருந்தேன். அக்கா வேலையில். அவள் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. யாரோ முன்பின் தெரியாத ஆள் அவளுக்கு அனுப்பியதை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டிருந்தாள்.

“வணக்கம் மேடம். பழைய வேன் மீட்டர் ஒண்ணு வாங்கினேன். கண்ணாடி மேல உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு. கரன்ட் குடுத்து செக் பண்ணேன். சூடு காட்டுற ஊசி மட்டும் வேலை செய்யல, லைட்டு எல்லாம் ஓகே. ஸ்டிக்கர உரிச்சா அடியில மஞ்சள் லைட்டும் பக்கத்துலயே செவப்பு லைட்டும் இருக்கு, ரெண்டும் நல்லா எரியுது. மீட்டர் காட்டுற கிலோமீட்டர் கரெக்ட்தானா? அத மட்டும் சொல்லுங்க.”

அதற்குக் கீழே அக்கா தன் பங்குக்கு ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்.

“பாத்துக்கோ.”