அடிக்குக் கிடைத்த கைதட்டல்

இசைக்குழுவில் அவருக்குப் பெயர் மூலை. மேடையின் இடது மூலையில், ஆளுயர ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஆர்கன் என்ற மின்சாரக் கட்டை வாத்தியத்தோடு உட்கார்ந்திருப்பார். ரசிகர்களுக்கு அவருடைய முழங்கைகள் மட்டுமே தெரியும்.

மேதை என்று சொல்ல மாட்டேன். வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தவர். பழுதுக்கு வந்த ஆர்கன் ஒன்றை உரியவர் திரும்ப வாங்கிப்போக வரவில்லை. அதைச் சரிசெய்தார், சரியாகிவிட்டதா என்று வாசித்துப் பார்த்தார், பிறகு நிறுத்தவில்லை. ஒரு சுரத்தைப் பிடித்தால் அது அலுத்து, அலுப்பும் தீர்ந்து, வேறொன்றாக மாறும்வரை விடாத பொறுமை அவரிடம் இருந்தது. இழுத்து இழுத்துக் கிறக்கமூட்டும் சைக்கடெலிக் ராக் இசைக்கு அது போதும்.

கிட்டார்க்காரன் அவருடைய தங்கையின் கணவன். குழு முழுக்க அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. "மாப்ளே, சத்தத்தைக் கொறை. மாமியார் வீட்டு விருந்துக்கா வந்திருக்கே?" என்பார் டிரம்மர். மாப்பிள்ளை குறைத்ததே இல்லை.

சண்டையும் சத்தத்தில்தான் தொடங்கியது. ஒரு கச்சேரியில் கிட்டார் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தபோது மூலை ஆர்கனின் சத்தத்தை ஏற்றினார். மாப்பிள்ளை நடந்து வந்து, மறைத்த ஒலிபெருக்கியை ஒதுக்கித் தள்ளினான். கிட்டாரைக் கழற்றி, அதன் அடிப்பாகத்தால் அவர் நெற்றியில் ஓங்கி அடித்தான். நெற்றி பிளந்தது. அவர் முகம் குப்புறக் கட்டைகளில் விழ, அத்தனையும் ஒன்றாக அலறின. சுவரில் வண்ண விளக்குகள் குழம்பிக்கொண்டிருந்தன; ரத்தமும் அதில் ஒரு நிறமாகிவிட்டது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

"கேட்டியா மச்சான் அந்தச் சத்தத்தை? இத்தனை நாளா நாம தேடினது அதுதான்" என்றான் மாப்பிள்ளை, மேடைக்குப் பின்னால்.

"தேடினது நீ. நெத்தி என்னுது" என்றார் மூலை. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் வாழ்க்கையில் நான் குறை சொல்லும் இடம் அந்தச் சிரிப்புதான்.

அடுத்த ஊரில் கூட்டமே கத்தியது: "அடி! அடி!" மாப்பிள்ளை கிட்டாரை விட்டுக் கைக்கு மாறினான். இடது காதோடு சேர்த்து அறைவான். பின்கழுத்தைப் பிடித்து முகத்தைக் கட்டைகளில் மோதுவான். முன்பல் போனது. மூக்கு கோணியது. இடது காதில் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. பத்திரிகைகள் புகழ்ந்தன. சம்மதித்து வாங்குகிற அடி வன்முறை ஆகாது என்று மூலை ஒரு வாதம் வைத்திருந்தார். வாதத்தில் பிழையில்லை. ஆனால் அடிக்கிற கை அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

ஒரு நாள் காலை தங்கையைப் பார்க்கப் போனார். அவள் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் வந்து பேசுண்ணா."

"அந்தப் பக்கம் வந்தா எனக்குக் கேக்காது. நீ வா."

இருவரும் ஒருவருக்கொருவர் வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். பால் பொங்கி வழிந்தது. அவர் அவள் கூந்தலை விலக்கிப் பார்த்தார். இடது காதைச் சுற்றிக் கன்றிப்போயிருந்தது.

"எப்போலேர்ந்து?"

"உங்களுக்குக் கைதட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து. உங்கண்ணனே சிரிச்சுக்கிட்டு வாங்கிக்கிறான், உனக்கென்னடி வந்துச்சுங்கறாரு."

"கெளம்பு. என்கூட வந்துடு."

"வந்தா உன்னை மேடையிலேயே கொன்னுடுவாருண்ணா. அதுக்கும் தட்டுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை பகல் கச்சேரி. குழுவின் மின்கம்பிகளை எல்லாம் பூட்டியவர் மூலைதான். இசைக்கருவிகளும் வண்ண விளக்குகளும் ஒரே சுவிட்ச் பலகையில். பாடுகிறவரின் மைக் மட்டும் தனி இணைப்பில். டிரம்மரிடம், "அவன் என்கிட்ட வந்ததும் கையை நிறுத்திடு" என்று சொல்லி வைத்தார். மைக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

கூட்டம் "அடி!" என்றது. மாப்பிள்ளை வந்தான். மூலை காலால் பலகையின் சுவிட்சைத் தட்டினார். ஆர்கன் செத்தது. கிட்டாரின் இரைச்சல் நின்றது. வண்ணங்கள் போய், அரங்கத்தின் வெறும் பல்பு மட்டும் எரிந்தது. அந்த அமைதியில் அறை விழுந்தது.

சின்னச் சத்தம். எந்த வீட்டுச் சுவருக்கு அப்பாலும் கேட்கக்கூடிய சத்தம்.

யாரும் கைதட்டவில்லை. மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. கேட்கவில்லையோ என்பதுபோல மறுபடி அறைந்தான், இன்னும் பலமாக. மூலையின் உதடு கிழிந்தது. "விடுய்யா அவரை!" என்று முன்வரிசையில் ஒரு பெண் கத்தினாள். அவன் கட்டைகளின்மேல் ஒரு கையை ஊன்றி, மறுகையால் கழுத்தைப் பிடிக்கக் குனிந்தான். மூலை ஆர்கனின் மூடியை அந்தக் கைமேல் இறக்கி, உடம்பின் எடை முழுவதையும் போட்டு அழுத்தினார். எலும்பு முறிந்ததை மைக் எல்லோருக்கும் சொன்னது. அதற்கும் யாரும் தட்டவில்லை.

சட்டையில் ரத்தத்தோடு தங்கையின் வீட்டுக்குப் போனார்.

"அவரு?"

"ஆஸ்பத்திரியில. விரல் உடைஞ்சுபோச்சு. இனிமே வாசிக்க முடியாது. நானும் வாசிக்கப்போறதில்லை."

"அடிக்க முடியுமா?"

"இன்னொரு கை இருக்கு" என்றார்.

அவள் துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். தெருவில், தான் பேசினால் அவளுக்குக் கேட்கும்படி அவளுடைய வலது பக்கமாக அவர் நடந்தார். ஆகவே அவருடைய இடது காதுப் பக்கம் வந்த அவள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. போகிறவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, அவள் உரக்கவே பேசிக்கொண்டு வந்தாள்.