பின்சீட்டில் அரிசி மூட்டை

இண்டைக்கு ஹம் நகரத்துக் கராஜில் மெக்கானிக் பொடியன் என் பழைய காரின் முன்சில்லைக் கழற்றி, அதைத் தாங்குகிற இரும்புக் கை வெடித்திருப்பதைக் காட்டினான். துருவை இளக்க அவன் அடித்த எண்ணெயின் மணம் என்னை எங்கட பழைய வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜ் முற்றத்துக்குக் கொண்டுபோனது.

இப்போது அங்கே மாடிவீடுகள். அப்போது குளிர்காலம் முடிய எங்கட கிழட்டுக் காரில் இதே கை வெடிக்கும். அப்பா சனிக்கிழமை புதுசைப் பூட்டி, ஜாக்கியை இறக்கி, சில்லுகளைப் பலகைகளில் நிறுத்திவிட்டு, "எல்லாரும் ஏறி இருங்கோ, பாரமில்லாமல் இறுக்கினால் உள்ளுக்கு ரப்பர் கிழிஞ்சிடும்" என்பார். அம்மா முன்னால், நானும் தம்பியும் பின்னால், எங்கேயும் போகாத காருக்குள், காலுக்குக் கீழே போல்டை இறுக்கும் அப்பாவின் சாவி கிறீச்சிடுவதைக் கேட்டபடி தோடம்பழம் உரித்துத் தின்போம்.

பதின்மூன்று வயதில், வகுப்புப் பிள்ளைகள் முற்றத்தில் நிற்பதைக் கண்டு, "நான் ஏறமாட்டன்" என்றேன். அப்பா வீட்டிலிருந்து இரண்டு அரிசி மூட்டைகளைத் தூக்கிவந்து என் இடத்தில் வைத்தார். அந்தக் கார் இருந்தவரைக்கும் பிறகு என்னை ஏறச்சொல்லிக் கேட்கவேயில்லை.

இண்டைக்குப் பொடியன் கடைசி போல்டை இறுக்கமுதல், அவன் கேட்காமலே பின்கதவைத் திறந்தேன்.

"ஏறத் தேவையில்லை அக்கா," என்று பொடியன் சிரித்தான். "கீழே ஜாக்கியால முட்டுக் குடுத்தால் ஆள் ஏறின பாரம்தான், அதுவே காணும். அந்தக் காலத்திலயும் அப்பிடித்தான்."

அப்பாவிடமும் ஜாக்கி இருந்தது.