இடுக்கியின் கைச்சூடு

ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக நீராவி இஸ்திரியோடு மல்லுக்கட்டியதில் அவளுடைய உள்ளங்கைகள் மரத்துப்போயிருந்தன. கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கிவைப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர் இடுக்கி. அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டாள்.

கை வைத்துக் குணமாக்கும் ரெய்கி வகுப்புக்கு அவளைத் துரத்தியது அக்கா. அக்காவுக்கு மூன்று மாதமாக வலது விலாவுக்குக் கீழே வலி. டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்த சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு முறை தேதி வாங்கியும் அக்கா ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாள்.

"நீ போய்க் கத்துக்கிட்டு வந்து என் மேல கை வைடி. அப்புறம் நீ கூப்பிடுற இடத்துக்கு வரேன்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறினா என்னை மடிச்சு இஸ்திரி போட்டுடு."

வகுப்பு ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில். டீச்சர் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள், சாந்தமான பேச்சு. "இது மருந்துக்கு மாத்து இல்ல. டாக்டர்கிட்டப் போகாதேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

இரண்டாம் நாள் தீட்சை. பத்துப் பேரும் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருக்க, டீச்சர் ஒவ்வொருவர் பின்னாலும் வந்து நின்று, உச்சந்தலையில் கை வைத்து, கூப்பிய கைகளை விரித்து ஊதினார். இடுக்கிக்கு அந்த மூச்சுக்காற்று மணிக்கட்டில் தெரிந்தது. கீழே யாரோ ஒருவருடைய பல்லைக் குடையும் சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை.

கண்ணைத் திறந்ததும் ஆளாளுக்குச் சொன்னார்கள். உள்ளங்கையில் எறும்பு ஊர்ந்ததாம் ஒருவருக்கு. ஒரு கல்லூரிப் பெண் அழுதேவிட்டாள். இடுக்கியின் முறை வந்தபோது பத்து முகமும் அவள் பக்கம் திரும்பின.

"சூடா இருந்துச்சு" என்றாள்.

அக்கா தன் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே கேட்டாள். "வந்துச்சாடி?"

வரவில்லை என்றால் ஸ்கேனும் இல்லை. "வந்துச்சு."

அதிலிருந்து தினமும் வேலை முடிந்த கையோடு அக்கா வீடு. நாள் முழுக்க நீராவியில் வெந்த கை. விலாவில் வைத்தால் அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். "என்னமா இறங்குது சூடு" என்பாள். ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போவாள். பக்கத்து வீட்டுக்காரியிடமெல்லாம் பெருமை வேறு.

ஆனால் துணியைப் பார்த்தே ஆள் அளவைச் சொல்கிறவள் இடுக்கி. போன மாதம் பிடிப்பாக இருந்த அக்காவின் நைட்டி இப்போது கொடியில் காயப்போட்ட மாதிரி தோளிலிருந்து தொங்கியது.

ஸ்கேனுக்கு மூன்றாம் முறை வாங்கிய தேதி வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு. இடுக்கி லீவு போட்டுவிட்டு டாக்சியோடு வந்தாள். அக்கா படுக்கையை விட்டு எழவில்லை.

"வலிதான் குறைஞ்சுடுச்சே. இப்ப எதுக்குடி அது?"

"கை வெச்சா வரேன்னு சொன்னியே."

"கை வெச்சதுலயே சரியாயிட்டு வருது. மிஷினுக்குள்ள போய்ப் படுத்து இல்லாத சீக்கை ஏன் வரவழைச்சுக்கணும்?"

இடுக்கி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, எனக்கு அங்க ஒண்ணுமே வரல. பொய் சொன்னேன். நீ பாக்குறது இஸ்திரிப் பெட்டிச் சூடு."

அக்கா சிரித்தாள். "போடி."

இடுக்கி எழுந்துபோய் ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸைப் பாத்திரத்தில் கொட்டி, நகம் நீலம் பாயும்வரை கைகளை அதில் அமுக்கிவைத்தாள். துடைத்துக்கொண்டு வந்து விலாவில் வைத்தாள். அக்காவின் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கும் சூடாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாதக்கா. ஐஸ்ல வெச்ச கை."

"உனக்கு எப்படித் தெரியும்? உன் கைக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

ஃபோன் அடித்தது. டாக்சிக்காரராகத்தான் இருக்கும். எடுக்கலாமென்றால் அக்கா தன் இரண்டு கைகளாலும் அவள் கைகளை அழுத்திப் பிடித்திருந்தாள், விட்டால் ஓடிவிடுவாள் போல. சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது.

"கிளம்பலாம்க்கா."

"இரு. இப்பத்தான் இறங்குது."

ஃபோன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அந்தத் தோலுக்கடியில் என்ன இருக்கிறதென்று இடுக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினாள். கட்டியா, எலும்பா, ஒன்றுமில்லையா, கைக்கு எதுவும் தெரியவில்லை.